பத்து மணிக்கு வராத குழந்தைகள்

அனுப்புநர்:
ஃபகருன்னிசா, பி.எஸ்சி.,
க/பெ. அஜாஸ்,
முல்லைத் தெரு, ஓசூர்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் மையப் பிரிவு,
கிருஷ்ணகிரி.

பொருள்: எங்கள் தெரு அங்கன்வாடிப் பணியாளர் ஜோதியம்மாள் மீதான முட்டைத் திருட்டுப் புகார் – நான் அளித்த அரைகுறை வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புவதற்கு மன்னிக்கவும். இன்று நைட் ஷிப்டுக்கு லீவு போட்டிருக்கிறேன்; குழந்தை தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. எனக்கும் சில நாட்களாக நிம்மதியான தூக்கம் இல்லை.

1. காலை பத்து மணிக்குச் செயலியில் பதிவாகும் வருகையைவிட மதியம் அவித்த முட்டைகள் அதிகம். மிச்சத்தை ஜோதியம்மாள் டீச்சர் எடுத்துச் சென்றார் என்று அவரைப் பணியிடை நீக்கம் செய்துள்ளார்கள். இரண்டு எண்ணிக்கையும் சரிதான். திருட்டு நடக்கவில்லை.

2. எங்கள் தெருப் பெண்கள் பலர் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் நினைவே இருக்காது. கணவர் அதற்குள் வேலைக்குக் கிளம்பியிருப்பார். டீச்சர் பத்து மணிப் பதிவை முடித்துவிட்டு, மற்ற பிள்ளைகளை உதவியாளரிடம் விட்டு, வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார். "நீ படும்மா, பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்று என் மகள் ஜைபாவுக்கு முகம் கழுவி, தலை வாரி அழைத்துப் போவார். பதிவுக்குப் பின் வரும் பிள்ளையைச் செயலியில் சேர்க்க வழியில்லை. அந்த முட்டைகளை எங்கள் பிள்ளைகள்தான் சாப்பிட்டார்கள்.

3. விசாரணைக்கு வந்தவர் என்னிடம், பத்து மணிக்கு உங்கள் குழந்தை மையத்தில் இருக்குமா என்று கேட்டார். இருக்காது சார் என்றேன். பிறகு எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெற்றவள் தூங்குகிறாள், வேறொருவர் வந்து தலை வாரிவிடுகிறார் என்று அக்கம்பக்கத்தார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

4. கம்பெனியில் ரிப்போர்ட் தயாரிப்பதுதான் ஐயா என் வேலை. ஒரு ஷிப்டில் உற்பத்தி குறைந்தால், எந்த மெஷின் நின்றது, யார் லீவு என்று லைனில் விசாரிக்காமல் யார் பேரிலும் எழுத மாட்டோம். இது தெரிந்த நானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

5. இப்போது யாரும் கதவைத் தட்டுவதில்லை. தாழிட்டுவிட்டு ஜைபாவைப் பக்கத்தில் போட்டுத் தூங்குகிறேன். நேற்று கண் விழித்தபோது அவள் பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். போன வாரம் சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். என்மேல் கோபப்படவில்லை. "பாப்பா ஒழுங்கா சாப்பிடுதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே, என் முந்தைய வாக்குமூலத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டு, வருகைப் பதிவை எங்கள் ஷிப்ட் அட்டவணையோடு வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வருகை குறைந்த வாரங்களெல்லாம் எங்கள் நைட் ஷிப்ட் வாரங்கள். என்னோடு வேலை செய்யும் எங்கள் தெருத் தாய்மார்கள் சம்பங்கியும் பூங்கொடியும் நேரில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்கள். டீச்சரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். என்மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் எடுங்கள்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள் ஐயா.

இடம்: ஓசூர்
நாள்: 12.08.2025

இப்படிக்கு,
ஃபகருன்னிசா