வழுக்காத பந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் இடுப்பு வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். அன்றைக்கு நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். உன் தம்பி சொன்னதை நீ கேட்டுவிட்டாய். நான் கண்ணால் பார்த்ததையும் கேள், அப்புறம் திட்டுவதானால் திட்டு.

பம்பு கம்பெனி பேஸ்பால் டீமில் பந்து வீசுகிற உன் தம்பிக்குப் பீரங்கி என்று பெயர் வைத்ததே வாத்துதான். வாத்தை உனக்குத் தெரியாதா, தம்பியோடு பக்கத்து லேத்தில் நின்றவன், ஆடி ஆடி நடப்பான், நம் வீட்டில் கேட்காமலே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வான், உன் சைக்கிளுக்கு எத்தனை பஞ்சர் ஒட்டியிருக்கிறான். போன வருஷம் ஒரு சாயங்காலப் பயிற்சியில் தம்பி வீசிய பந்தையெல்லாம் அவன் வேலிக்கு அப்பால் அடித்துக்கொண்டே இருந்தான். பீரங்கியில மருந்து தீந்துபோச்சா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சிதானே என்று தலைக்கவசத்தை வேறு கழற்றி வைத்திருந்தான். அடுத்த பந்து நேராக முகத்துக்கு வந்தது. இடது கண் போய்விட்டது. பந்து கையிலிருந்து வழுக்கிவிட்டது என்றான் உன் தம்பி. பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை, பேஸ்பால் சங்கமும் நம்பவில்லை, ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். தடை இருந்த அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு தடவைகூட வாத்து வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் அப்பாவும் போனோம், எங்களோடு வா என்றால் தலைவலி என்பான். வாத்தை லேத்திலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாதாம். கேண்டீனில் தண்ணீர் ஊற்றும்போது ஜக்கின் மூக்கை டம்ளர் விளிம்பில் இடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாய்ப்பான். கேண்டீன் வேலையில் இருக்கிற நான் கல்லாவில் நின்று தினமும் அதைப் பார்க்கிறேன் மகளே. நீ அங்கே இருக்கிறாய், பார்க்கவில்லை.

தடை முடிந்ததும் தம்பியைத் திரும்பச் சேர்ப்பதா என்று பேச, வேலை முடிந்த நேரம் கேண்டீனிலேயே டீம் கூடியது. அன்று காலையில் அவன் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். வாத்துகிட்ட எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுடா என்றேன். அவன் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே, அவன் ஒதுங்கியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா, அவனுக்கு வேகம் பத்தாது என்றான். இஸ்திரிப் பெட்டி சட்டை மேல் இருந்ததையே மறந்து நின்றேன், காலரில் இன்னும் அந்தக் கருகல் இருக்கும். கூட்டத்தில் கேப்டனாக இருக்கிற வெல்டர்தான் பேச்சை ஆரம்பித்தார். தண்டனைய அனுபவிச்சுட்டான், இனி அவன் நம்ம ஆளு, அவன் இல்லாம நாம கடைசியில கிடக்கோம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரோ வாத்தைக் கேட்டார்கள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே, எனக்கென்ன, எல்லாரும் சரின்னா சரிதான் என்றான். ஊரோடு ஒத்துப்போகிற குரல் அது, மனசிலிருந்து வந்தது இல்லை. தம்பியை ஏதாவது சொல்கிறாயா என்றார்கள். பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவன், முடிஞ்சதப் பேசி என்ன ஆகப்போகுது, ஆட்டத்தைப் பாப்போம் என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கை தூக்கச் சொல்கிற நேரத்தில் டீ டிரேயை வைத்துவிட்டு, பெத்தவளே சொல்றேன், இப்ப அவனைச் சேக்காதீங்க, பந்து வழுக்கலைன்னு அவன் வாயால வர்ற வரைக்கும் அவன் கையில பந்தக் குடுக்காதீங்க என்றேன். பாதி தூக்கிய கைகள் அப்படியே இறங்கின, அவனைச் சேர்க்கிற பேச்சும் அதோடு நின்றது. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான், சின்ன வயதில் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டால் பார்ப்பானே, அதே பார்வை. என்னைத் தாண்டி வெளியே போனான். மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு அறைக்குப் போய்விட்டான். வீட்டுக்குள்ள சொல்ல வேண்டியதச் சபையில சொல்லிட்டே என்றார் அப்பா. வீட்டுக்குள் ஒரு வருஷமாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

நான் செய்தது நல்லதில் முடிந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். டீம் தோற்றுத் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. அந்தக் கோபத்தை என் மேல் காட்டினால் மத்தியானம் யார் சாப்பாடு போடுவது, அதனால் வாத்து மேல் காட்டுகிறார்கள். அவன் மேஜையில் இப்போது யாரும் உட்கார்வதில்லை. அவன் பெண்டாட்டி ஒருநாள் கேண்டீனுக்கு வந்து, உங்க பிள்ளையத் திருத்த எங்க வீட்டுக்காரர்தான் கெடச்சாரா, கண்ணத்தான் எடுத்தீங்க, பழகின நாலு பேரையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா என்று கேட்டாள். நான் அவனுக்காகத்தானே பேசினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் அவனுக்காகவா, என் பிள்ளைக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. வலிக்கு மருந்து போடப்போய்ப் புண்ணைக் கிளறினவள் ஆகிவிட்டேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நூல் மில் டீம் தம்பியை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் நமக்கும் சும்மா ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள், நான் டீ கேனோடு போனேன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், அவன் கையை ஓங்கும்போதெல்லாம் நான் எதிரே மட்டையோடு நிற்கிற பையனின் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் நான் சோறு போடுகிற பிள்ளைகள். பந்து வருவதற்கு முன்பே பயந்து ஒரு அடி பின்னால் வைத்தார்கள். அந்த ஒரு அடியில்தான் அவன் ஜெயிக்கிறான், அது அவனுக்கும் தெரியும். ஆட்டம் முடிந்து வேலிப் பக்கம் வந்தான். மெலிந்திருக்கிறான், தாடையெல்லாம் எலும்பு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, நிம்மதியா என்று கேட்டான். எவ்வளவோ சொல்ல இருந்தும் என் வாயில் வந்தது சாப்பிட்டியா என்பது மட்டும்தான். கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் இப்போது பேசுவது உன் ஒருத்தியோடுதான். எங்களைச் சேர்த்துவைக்கிறேன் என்று நீ எதையும் இழுத்துப்போட்டுக்கொள்ளாதே, அவன் முன்னால் எனக்காக வாதாடாதே. என்றைக்காவது அவன் குரல் இளகி இருந்தால் பந்து வழுக்கியதா என்று ஒரு தடவை கேள். இல்லை என்று சொன்னால் உடனே எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும். வழுக்கியது என்றே சொன்னால் எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

பேத்திக்குக் குளிர் தாங்காது, வெளியே கூட்டிப்போனால் காதை மூடிக் கட்டு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். கோபம் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி அண்டாமல் நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதையே சொல்வார், இப்போது தூங்குகிறார்.

என்ன கேட்டாலும் உன் அம்மாதான்,
அம்மா