டிக்கியில் கிடந்த மூன்று கரன்ட் பில்கள்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நான் நம் அல்சூர் வீட்டில்தான் இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் அதற்கே ஆபத்து வந்தது.

எந்த பில் வந்தாலும் ஸ்கூட்டரின் முன் டிக்கியில் போட்டுவிடு என்று வண்டி வாங்கிய நாளிலேயே சொன்னீர்கள். நானும் போடுவேன். ஃபாக்டரிக்குப் போகும் வழியில் கட்டிவிட்டு வந்து, ரசீதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கம்பியில் குத்துவீர்கள். டிக்கிக்குள் போனால் கட்டியாகிவிடும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் போன பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன். சிரிக்காதீர்கள். வராண்டாவில் நிற்கிற வண்டியின் கவரைத் தூக்கி, டிக்கியைத் திறந்து, கரன்ட் பில்லைப் போட்டு மூடியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. யார் எடுத்துக் கட்டுவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஒரு நாள் காலையில் லைன்மேன் வந்து நின்றார். "மூரு திங்களு கட்டில்லம்மா" என்று கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார். மூன்று மாதமாகக் கட்டவில்லையாம். நீங்கள் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கும் சங்கடம். ஆனாலும் ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றே டிக்கியிலிருந்த பில்களை எடுத்துக்கொண்டு கரன்ட் ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் யார் பெயரில் என்று கேட்டார்கள். உங்கள் பெயரை நான் என்றைக்கு வாயால் சொல்லியிருக்கிறேன்? பில்லைத் தள்ளினேன்.

சாயங்காலமே கரன்ட் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் விஷயம் பொம்மனஹள்ளியில் இருக்கிற நம் பையன் பாஸ்கர் காதுக்குப் போய்விட்டது. போனில் குதித்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

அதுவரை நான் சும்மா இருக்கவில்லை. கம்பியை இறக்கி, துருக்கறை படிந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவினேன். கன்னடம் சரளமாகப் பேசுவேனே தவிர, ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றின் முதுகிலும் நீங்கள் பென்சிலில் தமிழில் எழுதி வைத்திருந்தீர்களே, அதுதான் காப்பாற்றியது. கோழி கிண்டியது மாதிரி எழுத்து, இருந்தாலும் எனக்குப் பழக்கம்தானே. கரன்ட், தண்ணீர், வீட்டு வரி, டெலிபோன், இன்சூரன்ஸ் என்று தனித்தனி ஜவுளிக்கடைப் பைகளில் போட்டு ஆணியில் மாட்டினேன். மூன்று நாள் ஆனது.

பாஸ்கர் பெரிய பையோடு வந்தான். "பேப்பரெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேம்மா. நீயும் கிளம்பு. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

"எதுக்கு?"

"ஒரு கரன்ட் பில்லு கட்டத் தெரியல, எதுக்குன்னு கேக்கற. வீட்டு வரி ரசீது எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

பையோடு எடுத்துக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கேட்டான், அதையும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "மறுபடி மறந்துட்டா?" என்றான்.

"மறந்தா கரன்ட் போவும். மெழுகுவத்தி ஏத்திக்கறேன். அதுக்குன்னு வீட்டையே விட்டுட்டுப் போவாங்களா?"

பிறகு கரன்ட் ஆபீஸிலிருந்து வாங்கி வந்திருந்த ஃபாரத்தை நீட்டினேன். இணைப்பை என் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் ஆட்சேபணை இல்லை என்று மகன் கையெழுத்துப் போட வேண்டும். "என் பேருக்கே மாத்திடலாமேம்மா" என்றான்.

"இங்க இருக்கப்போறது நான்தானடா."

பேனா மூடியைத் திறக்க அவனுக்கு நேரமானது. அவனுக்கும் பயம்தான், அப்பா இல்லாமல் அம்மா தனியாக இருக்கிறாளே என்று. கடைசியில் போட்டான். கொண்டுவந்த பையில் ஒரு டப்பா புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று மீட்டர் பார்க்கிறவர் வந்தார், புது ஆள். கேட்டில் நின்று பில்லைப் பார்த்து, "சரோஜம்மா யாரு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேட்டில் யாரும் கேட்காத கேள்வி. "நான்தான்" என்றேன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து அழுதேன். இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக பில்லிலிருந்து உங்கள் பெயரை நானே எடுத்துவிட்டேனே, கோபமா உங்களுக்கு?

இனி எந்த மாதமும் தேதி தவறாது. உங்களைப் போலக் கடைசி நாளில் ஓடவும் மாட்டேன். இந்த பில்லை இன்று காலையே கட்டிவிட்டு வந்தேன். ரசீதின் முதுகில் பென்சிலால் எழுதியும் வைத்தாயிற்று.

உங்கள் சம்சாரம்,
சரோஜா