அவிழாத லேஸ்

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் எங்கள் ஓட்டக் குழுவின் பத்து கிலோமீட்டர் போட்டி. பெண்கள் பிரிவில் நான் இரண்டாவது. கால் வலிக்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

எட்டாவது கிலோமீட்டர்வரை மீனாவும் நானும் சேர்ந்தே ஓடினோம். பிறகு நான் முந்தினேன். தண்ணீர் மேசையில் நின்ற சுனில் சிரித்துக்கொண்டே, "சேட்டன் கொள்ளாமல்லோ!" என்றான். சேட்டன். அண்ணன் பிரமாதமாம். நான் திருநங்கை என்று தெரிந்து, இரண்டு வருஷமாக சேச்சி, அக்கா, என்றே கூப்பிட்டவன். அப்போதெல்லாம் நான் கடைசியாக வந்துகொண்டிருந்தேன்.

முடிவுக்கோடு தெரிந்ததும் குனிந்தேன். அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினேன். மீனா கடந்து போனாள். கோட்டைத் தாண்டியதும் யாரோ, "சேச்சி சூப்பர்!" என்று கைதட்டினார்கள். நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மீனா வழக்கமாக என் ஸ்கூட்டரில்தான் வலியசாலைக்குத் திரும்புவாள். இன்று ஏறவில்லை.

"உன் லேஸ் அவிழலை. பின்னாலேந்து பார்த்துண்டுதான் வந்தேன், கேட்டோ."

"இல்லடீ..."

"சுனில் சொன்னதும் காதுல விழுந்தது. அவனைத் திட்டிருக்கலாமே. என்னை எதுக்கு ஜெயிக்க வச்சே?"

பதக்கத்தை என் சீட்டில் வைத்துவிட்டு ஆட்டோவில் போய்விட்டாள்.

அவன் சொன்னதற்கு நானே தலையாட்டியதுபோல் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஷூவை லேஸோடு காலிலிருந்து பிடுங்கி எறிந்தேன். இப்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன அவசரத்தில் போட்டேனோ, முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது.