இறங்கி வந்து நின்ற மண்

ஸ்டில்ஹவுஸ் ஓடை, கெண்டக்கி
ஏப்ரல், 1964

அன்புள்ள மகன் டென்சிலுக்கு அம்மா எழுதுவது. இந்த நிமிஷம் வரை நானும் அப்பாவும் லோரீனும் குழந்தையும் சுகம், டெட்ராய்ட்டில் நீயும் கை கால் சுகத்தோடு இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாக் கடிதத்திலும் சும்மா எழுதுகிற வரிதான், இந்தத் தடவை சும்மா எழுதவில்லை. குழந்தைக்குக் கீழ்ப்பல் முளைத்துவிட்டது, அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். உன் பெண்டாட்டி லோரீன்தான் சோள ரொட்டியைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள், நீ இல்லாத ஏக்கம். மழை விட்டபாடில்லை, புகையிலை நாற்று பாதி அழுகிவிட்டது. அதெல்லாம் போகட்டும், எனக்கு வேறொரு பயம் பிடித்திருக்கிறது, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பாவிடம் நீ சொல்லிவிட்டுப் போனாயே, "துளை போடுற கம்பியோட எவன் வந்தாலும் மலையில ஏற விடாதீங்கப்பா, நான் வர்ற வரைக்கும் வீட்டை விட்டு நகராதீங்க" என்று. பக்கத்து ஓடையில் நிலக்கரிக்காரர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மலையை அறுத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாய், அதில் தப்பில்லை. பனி உருகியதும் அப்படி ஒருவன் வந்தான். பிரூயிட் என்று பெயர், ஒல்லியான பையன், இரும்புத் திருகுக் கம்பியை மண்ணில் இறக்கி எடுத்து, வந்த மண்ணை எச்சில் தொட்டு விரலில் தேய்த்து, ஒரு வண்ண அட்டையோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நம் வீட்டுக்கு மேலே சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தான். அப்பா அத்தனையையும் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார். அவன் சாலையில் நின்றபடி, "ஐயா, நான் கம்பெனி ஆள் இல்லீங்க, மாவட்டம் பூராவும் மண்ணு எப்படி இருக்குன்னு பாத்து வரைபடம் போடுறோம்" என்றான். அப்பா விடுவாரா, "மண்ணு எப்படி இருக்குன்னு எனக்கே தெரியும். அது கீழ கெடக்கு, நாங்க மேல இருக்கோம். கெளம்புடா" என்றார். நானும் கூட நின்று சிரித்தேன்.

போன சனிக்கிழமை கடைக்கு உப்பு வாங்கப் போனேன். அந்தப் பையன் அங்கே பிஸ்கட்டும் மத்தி மீனும் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "அம்மா, நாய் இல்லீங்களே" என்று கேட்டுவிட்டு, வண்டியிலிருந்து, ஆகாய விமானத்தில் போய் எடுத்த போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நம் மலையை அப்படிப் பார்த்ததே இல்லை டென்சில், மாவில் கரண்டி விட்டு அள்ளிய மாதிரி மேலே ஒரு பள்ளம், அதற்குக் கீழே நம் வீடு நிற்கிற சமதரை. "இது முன்னமே இருந்த தரை இல்லம்மா. என்னைக்கோ மேல இருந்து சரிஞ்சு வந்து நின்ன மண்ணு. இன்னும் நூறு வருஷம் நின்னாலும் நிக்கும், ஒரு மழைக்கு எறங்கினாலும் எறங்கும், என்னால சொல்ல முடியாது" என்றான். பிறகு மண் நகர்கிற அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டான். மரமெல்லாம் அடியில் வளைந்திருக்கிறதா, ஊற்று இடம் மாறியதா, கதவு இறுகுகிறதா என்று. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கறி புகைபோடும் அறைக்குப் பின்னால் பாப்லார் மரங்கள் அரிவாள் மாதிரி வளைந்திருப்பது உனக்கே தெரியும், பனிப் பாரம் என்றுதானே நினைத்திருந்தோம். ஊற்று போன மாதம் வற்றி, இப்போது கோழிக்கூண்டுக்குக் கீழே கலங்கலாக வருகிறது. சமையலறைக் கதவு மூட மாட்டேன் என்கிறது. அப்பா இரண்டு தரம் இழைத்துவிட்டார், இரண்டு தரமும் திரும்ப இறுகிவிட்டது.

உன் தாத்தாவும் அவருடைய அப்பாவும் கீழ்நிலம் சோளத்துக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டை மேலே கட்டினார்கள். இந்த மலையில் எல்லோரும் அப்படித்தான் கட்டினோம், விளைகிற தரையில் வீடு கட்டுகிறவனைப் பைத்தியக்காரன் என்போம். மலைச் சரிவில் ஒரு சமதரை கிடைத்ததே வரம் என்றிருந்தோம். அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு பொழுது பட்டினிகூடப் போட்டேன். "நம்மளைக் கீழ எறக்கிட்டா வீடு காலி. காலி வீட்டைக் கம்பெனிக்காரன் விடுவானா? அந்தப் பொடியன் பேச்சைக் கேட்டு ஏமாறாதே வெர்லி. டென்சில் வர்ற வரைக்கும் நகரமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்கிறார். நேற்றுக் காலை வீட்டுக்கு மேலே தரையில் ஒரு வெடிப்பு கண்டேன், என் கை உள்ளே போனது. அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் மண்வெட்டியை எடுத்து அதை மூடிவிட்டார். அவருக்கும் பயம்தான் டென்சில். அந்த முகம் எனக்குத் தெரியும்.

நேற்றே லோரீனையும் குழந்தையையும் கீழே புகையிலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இலை பிரிக்கிற அறையில் அடுப்பு இருக்கிறது, தொட்டிலை அதன் பக்கத்தில் போட்டிருக்கிறோம், பயப்படாதே. இன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் வந்து இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். நீ அவளைக் கோபிக்கக் கூடாது, மாமனாரைத் தனியே விட்டுவிட்டு வந்தேனே என்று அழுகிறாள், வற்புறுத்திக் கூட்டி வந்தது நான்தான். குளிருக்குக் கம்பளி பனியன் போட்டுக்கொள், தொழிற்சாலையில் வேலை செய்யும்போது தூங்கி வழியாதே, இயந்திரம் யாரையும் பார்க்காது.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். அப்பாவுக்கு எழுது. அவர் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, பெரிய எழுத்தாக எழுது. "நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறேன், கீழ எறங்குங்கப்பா" என்று அவ்வளவு எழுதினால் போதும், வேறு யார் சொன்னாலும் அந்த மனுஷன் கேட்க மாட்டார். முடிந்தால் நீயே வந்து சொல். கர்த்தர் உன் கையையும் காலையும் காக்கட்டும், உன் பிள்ளைக்கு நீ வேண்டும். தபால்காரர் வந்தால் லோரீன் இதைக் கொடுத்துவிடுவாள்.

நான் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். இத்தனை வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அவரை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே எப்படிச் சாப்பிடுவேன். உன் கடிதம் வருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மேலேதான் இருப்போம், சீக்கிரம் எழுது.

உன் அம்மா,
வெர்லி