டாக்டர்தான் கொலைகாரர்

மார்ச் 3
ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குப் பொழுது போகாது என்று யாரோ இணையப் புத்தகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். துப்பறியும் தொடர் ஒன்றின் முதல் மின்னூல் இன்று பாதி விலை. வாங்கிவிட்டேன். டேப்லெட்டில் இருப்பது மகளின் மின்னூல் கணக்கு. என்னோடு பேசுவதை நிறுத்தியவள் கணக்கை மட்டும் நிறுத்தவில்லை. பெரிய மனசு.

மார்ச் 5
இந்தத் துப்பறிவாளர் ஒருவனின் செருப்பைப் பார்த்தே அவன் தொழிலைச் சொல்கிறார். வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால், கணக்கு வகுப்பில் நாங்கள் அதைக் காப்பி என்போம். இங்கே அதற்குப் பெயர் மேதை. பக்க ஓரத்தில் குறிப்பு எழுத வசதி இருந்தது. எழுதினேன்: "வழிமுறை எங்கே? பத்துக்கு மூன்று."

கணவர் எட்டிப் பார்த்தார். "துப்பறியிறவரையுமா விட மாட்ட, டீச்சர்?"

மார்ச் 6
மகளுக்கு நானே போன் செய்ய வேண்டுமாம். இவர் சொல்கிறார். வேலையை விட்டவள் அவள். "எதையுமே முழுசா முடிக்க மாட்டியா" என்று கேட்டேன், அவ்வளவுதான். மழைக்காலத்திலிருந்து மௌனம். வயதில் சின்னவள்தானே முதலில் பேச வேண்டும்?

மார்ச் 9
கதையில் வரும் தோட்டக்காரன் மேல் எனக்குச் சந்தேகம். ஓரத்தில் குறித்துவைத்தேன்.

மார்ச் 10
என் குறிப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பு!

"தோட்டக்காரன விடும்மா. டாக்டர்தான் கொலைகாரர்."

ஒரே கணக்கு அல்லவா, நான் போட்ட மார்க்கெல்லாம் அவள் போனிலும் தெரிந்திருக்கிறது. அவளும் படித்திருக்கிறாள். அது இருக்கட்டும் — பாதிப் புத்தகம் பாக்கி இருக்கிறதே. வந்த கோபத்தில் போன் செய்துவிட்டேன்.

"அறிவிருக்கா உனக்கு? படிச்சிட்டு இருக்கிறவகிட்ட முடிவச் சொல்லலாமா?"

அவள் கேட்டாள், "சாப்டியாம்மா?"

"பேச்ச மாத்தாத."

"டாக்டர் இல்லம்மா. சும்மா எழுதினேன். வேற எதுக்கு நீ போன் பண்ணப் போற?"

ஆயுள் முழுக்க வகுப்பெடுத்த வாய். சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னது.

மார்ச் 18
இரண்டாம் பாகம் முழு விலை. அவளே வாங்கினாள். மாலையில் போனில் ஆளுக்கு ஓர் அத்தியாயம் வாசிக்கிறோம். கணவர் அடுத்த அறையிலிருந்து தினம் ஒருவரைக் கைது செய்கிறார்.

இன்று வாசிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, ஏன் அந்த வேலையை விட்டாள் என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். குறுக்கே பேசாமல் கேட்டேன். சுலபமாக இல்லை.