ஆறாவது லேனில் மூன்று உதை

இன்று காலை என் வெள்ளை நடுவர் சட்டையை இஸ்திரி போட எடுத்தேன். நீ போனதிலிருந்து தொடாத சட்டை. அலுமாரியின் அடித்தட்டில் இரண்டு வருடமாக மடிந்து கிடந்தது. உள்ளே வைப்பதற்கு முன் நன்றாகத் துவைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் சூடு பட்டதும் குளோரின் வாசனை குப்பென்று எழுந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நீச்சல் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த விளையாட்டு விழாவுக்கு நீச்சல் நடுவர்கள் வேண்டுமாம். பக்கத்து நாடுகள் எல்லாம் வருகின்றன, அனுபவமுள்ளவர்கள் அவசியம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தாருங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். என் அனுபவம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு எழுதுவதற்கு முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நான். கண்டிக்கு வந்து பள்ளி விடுதியில் சேர்ந்தபோது, நீச்சல் தடாகத்தில் நின்றால் கழுத்தளவு தண்ணீர் என்பதே எனக்குப் பெரிய பயம். நீ பிலிமத்தலாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாய். தலைமுடி காயாமல் வகுப்பில் உட்கார்ந்து திட்டு வாங்குவாய். "மல்லாந்து படுடி. நான் புடிச்சிருக்கேன்ல" என்று என்னைத் தண்ணீரில் கிடத்தினாய். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நீ அந்தப் பக்கம் யாருடனோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாய். கோபத்தில் கத்த வாய் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். மிதக்கக் கற்றது அப்படித்தான்.

நாம் இருவரும் மல்லாந்த நீச்சலைப் பிடித்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நீச்சல் கண்ணாடி. முகம் மேலே இருந்தால் கண் எரியாது, அவ்வளவுதான். பிறகு பத்திரிகைக்காரர் உன்னிடம் காரணம் கேட்டபோது, "சின்ன வயசிலிருந்தே வானத்தைப் பார்க்கப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

மல்லாந்து வருகிறவளுக்குச் சுவர் தெரியாது. அதற்காகத்தான் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடிக் கயிறு கட்டுவார்கள். கொடி கண்ணில் பட்டதும் கைவீச்சை எண்ண வேண்டும். உனக்கு மூன்று. மூன்றாவது வீச்சில் குப்புறப் புரண்டு, அதே ஓட்டத்தில் குட்டிக்கரணம் போட்டுச் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். முன்கூட்டியே புரண்டுவிட்டு, காலை உதைத்துக்கொண்டு சுவரைத் தேடிப் போனால் பிழை. போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நம் தடாகத்தில் மாமரத்துப் பக்கத்துக் கொடிக் கம்பம் எப்போதோ சாய்ந்துவிட்டது. காவல்காரர் கயிற்றைக் கொண்டுபோய் உடை மாற்றும் அறை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். அதனால் அந்தப் பக்கத்தில் கொடி சுவருக்கு ஒரு வீச்சு நெருக்கமாகத் தொங்கியது. அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் மூன்று என்று நாம் எண்ணிக்கொண்டோம். வெளியூர்ப் பிள்ளைகள் நம் தடாகத்துக்கு வந்து அந்தச் சுவரில் தலையை மோதிக்கொள்வதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். 

காதில் சீழ் வைத்து நான் நீச்சலை விட்டேன். ஆசிரியையானேன், நடுவர் பரீட்சையும் எழுதினேன். நீ தேசிய அணிக்குப் போனாய். ஐந்து வருடத்துக்கு முன் நடந்த அந்த விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கொழும்பில் நீ பயிற்சி செய்த தடாகத்தைத் திருத்த வேலைக்கு மூடிவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து நம் பழைய தடாகத்தில் இறங்கினாய். பள்ளிக்கூடம் போகுமுன் நான் தினமும் வந்து மாமரத்துப் பக்கம் நின்று எண்ணுவேன். "கொடி! ஒன்னு! ரெண்டு! பொரளு!"

ஒருநாள் கேட்டேன். "இந்தக் கயித்தைச் சரியா கட்டிருவோமாடி?"

"ஏணிய யாரு தூக்கிட்டு வர்றது? அங்க போயி மூணுன்னு எண்ணிக்குவேன். நான் என்ன சின்னப் புள்ளையா?"

நானும் சரியென்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கையிலிருந்த மீன் அடைத்த மாலுபனிஸ் ஆறிப்போகிற கவலைதான் பெரிதாக இருந்தது. மூன்று வாரம், நாளுக்கு நாற்பது தடவையாவது, உன் உடம்புக்குள் இரண்டு என்ற எண்ணை ஏற்றியது என் குரல்தான்.

விழா கொழும்பில் நடந்தது. பெண்கள் நூறு மீட்டர் மல்லாந்த நீச்சல் இறுதிப் போட்டி. திரும்பும் சுவரில் லேனுக்கு ஒரு நடுவர். எனக்கு ஆறாவது லேன். பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதே எண்ணுக்கு நேரே உன் பெயர் இருந்தது. தலைமை நடுவர் எங்களை வரிசையாக நிறுத்தி, நீந்துகிறவர்களில் யாருக்காவது சொந்தக்காரர் உண்டா என்று கேட்டார். நீ எனக்குச் சொந்தக்காரி இல்லையே என்று மனதுக்குள் சட்டம் பேசிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் என்னை நான்காவது லேனுக்கு மாற்றியிருப்பார்கள். அவ்வளவு சின்ன விஷயம் அது.

நீ நன்றாக வந்தாய். முதல் ஐம்பது மீட்டர் முடிய இருந்தபோது இரண்டாவதாக வந்தாய். கதிரையிலிருந்து எழுந்து சுவர் ஓரத்தில் குனிந்து நின்றேன். கொடிக்குக் கீழே உன் முகம் வந்தது. ஒன்று. இரண்டு. புரண்டாய்.

சுவர் இன்னும் தூரத்தில் இருந்தது.

உன் கை இழுத்து முடிந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. நீ குப்புறக் கிடந்தபடி காலை உதைத்தாய். ஒன்று, இரண்டு, மூன்று. அதன் பிறகே குட்டிக்கரணம். தண்ணீருக்குள் உன் கண் சுவரைத் தேடியதைக்கூட நான் பார்த்தேன். அப்போது என் கை மேலே போயிருக்க வேண்டும். நடுவர் பயிற்சி வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தது அதைத்தான்: பிழையைப் பார்த்தால் கையைத் தூக்கு, யோசிக்காதே. நான் யோசித்தேன். கை முழங்காலிலேயே இருந்தது. நீ உதைத்துத் திரும்பிப் போனாய்.

மூன்றாவதாகத் தொட்டாய். உனக்கும் நான்காவதாக வந்தவளுக்கும் இடையில் கண் இமைக்கும் நேரம்தான். அவள் உன் பக்கத்து லேன், வேறு நாட்டுப் பெண். பலகையைப் பார்த்தாள், தலையை ஒருமுறை தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தாள், பிறகு கயிற்றுக்கு மேலால் கையை நீட்டி உன்னை வாழ்த்தினாள். நீ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, தடாகத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தாய்.

பதக்கம் வாங்கிய பின் நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டாய். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டர்ன்ல பார்த்தியாடி?"

"என்னத்த?"

"என் டர்ன."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"ம்" என்றாய்.  நமக்கிடையில் பேச்சு நின்றுபோனது அந்த "ம்"மில்தான். பிறகும் பேசினோம், சிரித்தோம், மழைக்குக் கடை ஓரத்தில் ஒதுங்கித் தேத்தண்ணி குடித்தோம். ஆனால் அந்த இடத்துக்கு மட்டும் இருவரும் போகவே இல்லை.

பிலிமத்தலாவைச் சந்தியில் உனக்கு வெடி போட்டார்கள். கடைக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். ஞாயிறு பூசையில் பாதர் உன் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நீ தலை நிமிரவில்லை. எல்லோரும் அடக்கமான பிள்ளை என்றார்கள். நானும் சேர்ந்து சொன்னேன், பாவி.

சில மாதத்தில் தோள் வலி என்று போட்டிகளை நிறுத்தினாய். நம் தடாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கத் தொடங்கினாய். முதல் நாளே என்னை வரச் சொன்னாய். உன் அப்பாவின் கடையிலிருந்து ஏணியும் அளவு நாடாவும் கொண்டுவந்திருந்தாய். மாமரத்துப் பக்கம் புதிய கம்பம் நட்டிருந்தது.

"நுனிய செவுத்துல வச்சுப் புடி" என்றாய். பிடித்தேன். ஏணியில் ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டினாய். "அஞ்சு மீட்டர். சரியா?"

"சரி."

"இனிமே இங்க யாரும் ரெண்டுன்னு எண்ண வேணாம்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாய். வாசலைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது மாதிரி இருந்தது. உள்ளே வர எனக்குத் துணிச்சல் இல்லை. "பார்த்து எறங்குடி, ஏணி ஆடுது" என்றேன்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது, தீராத நோய். ஆஸ்பத்திரியில் நீ பாதியாகக் கிடந்த நாளில் உன் அம்மா தலைமாட்டில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு நின்றார். உன் கையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் என் கையை விட இரண்டு மடங்கு உரமாக இருந்த கை.

"இப்பவாச்சும் சொல்லு. பார்த்தியா?" என்று கேட்டாய்.

சாகப்போகிறவளிடமிருந்து அந்த வெண்கலத்தையும் பறிப்பதா என்று நினைத்தேன். அதைக் கருணை என்று நம்பினேன். "ஒன்னும் பார்க்கல. சும்மா போட்டு மனச ஒழப்பிக்காத" என்றேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். அதற்குள் நான் இரண்டு தடவை வந்தேன். நீ கண் திறக்கவில்லை. தூங்குகிறாய் என்று சொன்னார்கள், நானும் நம்பிக்கொண்டேன்.

போன வாரம் உன் இரண்டாவது ஆண்டுப் பூசை. முடிந்து உன் வீட்டுக்குப் போனோம். கண்ணாடி அலுமாரியில் உன் படம், அதன்மேல் பதக்கம், முன்னால் மெழுகுவர்த்தி. எல்லோரும் போன பிறகு உன் அம்மா என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ கேட்டப்ப ஏன் பார்க்கலன்னு சொன்ன, மகள்?" என்று கேட்டார்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவ மெடலோட வந்த மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டா. டர்ன்ல பிழை விட்டுட்டேன், அவளும் பார்த்துட்டு கைய தூக்கலன்னு. திருப்பிக் குடுக்கத்தான் போறேன்னு நின்னா. பொறகு யோசிச்சா. குடுத்தா ஒன்னைய விசாரிப்பாங்களாம், டீச்சர் பேரு கெட்டுப்போயிருமாம். அதான் வாயத் தொறக்கல. அந்தப் புள்ளையோட மெடல் எங்கிட்ட இருக்கும்மான்னு ராப்பகலா அழுவா. நீ ஒரு தடவ ஆமான்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்னு இருந்தா, மகள்."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அலுமாரியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நான் இருக்கிற வரைக்கும் அது இங்கயே இருக்கட்டும்" என்றார். "அதுக்குப் பொறகு ஒன் பொறுப்பு."

இப்போது புரிகிறதா, என்ன நிலையில் இருக்கிறேன் என்று? உண்மையைச் சொல்ல ஒரு தாயின் சாவுக்குக் காத்திருக்கிறேன். அவர் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று மனதார ஜெபிக்கிறேன். ஜெபித்து முடிக்கும்போதே அந்த நான்காவது பெண்ணின் கை கயிற்றுக்கு மேலால் நீண்டு வருகிறது. அவளுடைய நாட்டுக் கொடியைத் தொலைக்காட்சியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன் முதுகில் ஒரு கல்லை ஏற்றினேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ அதை இறக்காமலே சுமந்தாய். நான் செய்ததில் எனக்கு ஆறாத கோபம் நடைபாதையில் சொன்ன பொய்யில் இல்லை. அது பயத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்தான் என்னைத் தின்கிறது. உனக்கு அப்போது பதக்கம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிவிட்டேன்: அழைப்புக்கு நன்றி, இனி என்னால் நடுவராக வர இயலாது. காரணத்தை எழுதவில்லை. அதற்குரிய நாள் வரும்போது முழுக் கடிதமாக எழுதுவேன், அந்தப் பெண்ணின் பெயரோடு, என் பெயரோடு.

அதுவரை யாரிடமும் சொல்ல முடியாததை, கேட்டவளிடமாவது சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் பிந்திய பதில்தான். பார்த்தேன்டி. மூன்று உதை. மூன்றையும் எண்ணினேன்.