சூடேறும்போது வராத நிலை

அடுப்பு மேடையில் மறந்து வைத்த டிஜிட்டல் கடிகாரத்தின் முகம் காலையில் முழுக்கக் கறுத்துவிட்டது. ஆறியதும் எண்கள் திரும்பி வந்தன. உள்ளே இருப்பது திரவப் படிகம், சூடு தாங்காது என்று மகளிடம் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். தோழி, நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரே ஆய்வகத்தில் எதிரெதிர் மேசை நமக்கு. நான் தயாரித்த சேர்மங்களில் ஒன்றுதான் உருப்பட்டது. அதை உருக்கி மைக்ரோஸ்கோப்பின் கீழ் மெல்ல ஆறவிட்டால், விசிறி விசிறியாக நிறங்கள் விரியும். திடமுமில்லாத, திரவமுமில்லாத அந்த நிலைக்காகத்தான் நான்கு வருஷம் மாரடித்தேன். சூடேற்றும்போதும் அது வரும் என்று தீசிஸில் எழுதியிருந்தேன். பார்க்காமலேதான் எழுதினேன். வராமல் எங்கே போகும் என்ற திமிர்.

சமர்ப்பிக்க இரண்டே நாள். டைப் அடித்த பக்கங்களைச் சரிபார்க்க வாங்கிப்போன நீ, மறுநாள் ராஜகீழ்ப்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்தாய்.

"இத நீ பாத்தியா, இல்ல இருக்கும்னு நெனச்சியா?"

சுருக்கென்றது. எனக்குக் கல்யாணத் தேதி குறித்தாயிற்று. இப்போது விட்டால் தீசிஸ் அவ்வளவுதான் என்று உனக்கும் தெரியும். உன் வேலையைப் பார் என்றேன். நீ குப்பியில் மிஞ்சியிருந்த சிட்டிகைத் தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சூடேற்றினாய். நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. வோல்டேஜ் வேறு ஏறி இறங்கியது. நீ வெப்பநிலையைப் படிக்க, நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். படிகம் உருகி நேரே தெளிந்த திரவமானது. நடுவில் ஒன்றுமே இல்லை. ஆறவிட்டோம், விசிறிகள் வந்தன. உறையவிட்டு மறுபடி சூடேற்றினோம். அப்போதும் இல்லை.

"ஆறும்போது மட்டும் வருதுன்னு எழுதிடுடி. அதுவும் ரிசல்ட்தான்."

கைடிடம் போய் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டு, மூன்று பக்கங்களைத் திரும்ப அடிக்கக் கொடுத்தேன். அவமானம் அடங்கவில்லை. நன்றியுரையையும் எடுத்து, உன் பெயர் இருந்த வரியைக் கோடிழுத்துக் கொடுத்தேன்.

பைண்ட் செய்து வந்த பிரதியை நீ முதலிலிருந்து புரட்டினாய். நன்றியுரையில் உன் விரல் கொஞ்சம் நின்றது. பைண்டிங் நல்லா வந்திருக்கு என்று திருப்பித் தந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் பழகினோம். அதைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ திருத்திக் கொடுத்த அந்தப் புத்தகத்தில் இன்னும் பொய்யாக நிற்பது அந்த ஒரு பக்கம்தான்.